வேடம் கலையும் இடத்தில்



நாடகமோ கூத்தோ முடிந்து கூட்டம் கலையும் வேளையில் சிறு பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அப்பா, அந்த ராசாவைக் கிட்டப் போய்ப் பார்ப்போமா?" என்பதே அது. நாமோ பெரும்பாலும், "நேரமாச்சு, வா போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். இந்தச் சின்னக் கேள்விக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். மனிதன் வேறு, அவன் பூண்ட வேடம் வேறு என்பதைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? நம்மை அழவைத்து, சிரிக்கவைத்து, விடியும்வரை விழிக்கவைத்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டது என்ன? இவ்விரண்டு கேள்விகளும் அந்தப் பிள்ளையின் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அதனை அலட்சியம் செய்வதற்கில்லை.

நமக்கு அந்த வாசல் எது?

இலண்டன், நியூயோர்க் போன்ற பெருநகரங்களில் நாடக அரங்கின் பின்புறத்தே நடிகர் வந்துபோகும் சிறு வாசல் ஒன்று இருக்கும். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள், பலவேளைகளில் பிள்ளைகளோடு, அங்கே காத்து நிற்பார்கள். நடிகர் வெளியே வந்ததும் இரண்டு வார்த்தை பேசி, கையொப்பம் வாங்கிச் செல்வார்கள்.

நம் ஊவா மாகாணத் தோட்டங்களில் அப்படி ஒரு வாசல் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, எந்தப் பக்கம் போனாலும் சரி, கூத்துக்கு வேடம் கட்டும் இடம் ஒரு லயத்துக் காம்பராவாக இருக்கும், அல்லது கோயிலடியில் மறைப்புக் கட்டிய ஒரு மூலையாக இருக்கும். மாசி மாதத்து வளர்பிறைக் காலத்தில் காமன் ஊன்றி, நாட்கணக்கில் ஆடி, கடைசியில் ஓர் இரவு முழுவதும் தப்பு முழங்க நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போவான். நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாவான். ரதி புலம்புவாள். அந்த ரதியும் பெரும்பாலும் பெண் வேடம் கட்டிய ஓர் ஆண்தான். சிவனாகவும் மன்மதனாகவும் தூதனாகவும் ஆடுகிறவர்கள் எல்லாரும் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், உரம் போடுகிறவர்கள், தொழிற்சாலையில் இலை வாட்டுகிறவர்கள்.

ஆகவே நம் பிள்ளைக்கு நடிகர் யாரோ ஓர் அந்நியர் அல்லர். நேற்று மாலை பீலியடியில் குளித்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்து மாமாதான் இன்றிரவு சிவபெருமான். விடிந்ததும் அதே மாமா பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நிற்பார். இரவு முழுக்க ஆடினேன் என்று சொன்னால் கங்காணி கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்.

மாயை கலைந்துவிடாதா?

சில பெற்றோர், "வேடத்துக்குப் பின்னால் இருப்பதைக் காட்டினால் பிள்ளையின் வியப்புப் போய்விடுமே, அரிதாரம் வழித்த முகத்தைக் கண்டபின் அடுத்த வருஷம் கூத்தை எப்படி நம்பும்?" என்று தயங்குவார்கள். நியாயமான தயக்கந்தான்.

இதற்கு மறுமொழியாக ஒருவரது வாழ்க்கையைப் பார்ப்போம். மகாத்மா காந்தி சிறுவனாக இருந்தபோது தந்தையிடம் அனுமதி பெற்று, ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழுவினரின் அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்தார். அந்நாடகம் அவரை விடவேயில்லை. எத்தனையோ தடவை தமக்குள்ளேயே அதை நடித்துப் பார்த்தாராம். எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப்போல உண்மை பேசக் கூடாது என்று இரவும் பகலும் தம்மையே கேட்டாராம். பிற்காலத்தில் தம் சுயசரிதையில் இதனை எழுதும்போது, அரிச்சந்திரன் சரித்திரத்தில் வாழ்ந்த மனிதனாக இருந்திருக்க முடியாது என்று தம் புத்திக்குத் தெரிகிறதென்றும், எனினும் தமக்கு அவன் இன்றும் உயிருள்ளவனே என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். வேடம் என்று தெரிந்தபின்னும் அந்த உண்மை அவருக்குள் சாகவில்லை.

நம் நாட்டிலும் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்றபோது, அவர் காங்கேசன்துறைக்காரர் என்பது யாழ்ப்பாணத்துச் சனங்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் அழுதார்கள்.

ஜேர்மனி நாட்டில் ஓபரம்மர்காவ் என்னும் மலைக்கிராமம் உண்டு. 1633இல் கொள்ளைநோய்க் காலத்தில் செய்த பொருத்தனையின்படி, 1634 முதல் அவ்வூரார் ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடித்து வருகிறார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். 2020இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றினால் 2022இல் நடந்தது. அவ்வூரில் பிறந்தவர்களோ நீண்டகாலம் குடியிருந்தவர்களோதான் நடிக்கலாம். ஓராண்டுக்கு முன்பிருந்தே நடிகர்கள் தலைமயிர் வெட்டாமல் வளர்ப்பார்கள். கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பவர் பிலாத்து என்றும், எதிர்வீட்டுக்காரர் யூதாஸ் என்றும் அறிந்தே அவ்வூர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த நாடகம் நலிந்துபோகவில்லை.

ஆக, அரிதாரம் கழுவப்படுவதைப் பார்த்ததனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருக்கப் பிள்ளையால் முடியும். சில வேளைகளில் பெரியவர்களாகிய நம்மால்தான் முடிவதில்லை.

அரைகுறையாகக் கண்ட வேடம்

பிள்ளையைக் கெடுப்பது பயம். அந்தப் பயம் எங்கே பிறக்கிறது? நாடகத் தந்தை எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளைப் (1867-1922) பற்றி நாடக உலகில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இளமையில் அவர் எமன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேடங்களைக் கட்டுவதில் வல்லவராம். ஒருநாள் ஆட்டம் முடிந்து, விடிந்தும் விடியாத நேரத்தில், சனீஸ்வரன் வேடத்தோடேயே நீர்நிலைக்கு வேடம் கழுவப் போனார். அங்கே வந்த பெண்ணொருத்தி அவரைக் கண்டு அஞ்சி விழுந்து உயிர் நீத்தாள். அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டு, பாட்டெழுதும் புலவராகவும் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகவும் தம் வாழ்நாளைக் கழித்தார் என்பார்கள்.

இச்செய்தியை நன்றாகக் கவனியுங்கள். மேடையில் அந்தச் சனீஸ்வரனைக் கண்ட நூற்றுக்கணக்கானோர் வீட்டுக்குப் பத்திரமாகத்தான் போனார்கள். ஆபத்து வந்தது, இது வேடம் என்று அறிய வழியில்லாத ஒருத்திக்கு. பிள்ளைகள் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. தூங்கி விழித்த பிள்ளை இருட்டில் எமனின் முகத்தை அரைகுறையாகக் கண்டு அலறுகிறது. அதே எமன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைப்பதைத் தகப்பனின் மடியிலிருந்து பார்த்தால், அதே பிள்ளை கொஞ்ச நேரத்தில் கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்க்கும்.

திரையுலகில் எம். என். நம்பியாருக்கு (1919-2008) நேர்ந்ததும் நமக்குத் தெரியும். எம்.ஜி.ஆரை எதிர்க்கும் கொடியவனாகவே பல ஆண்டுகள் நடித்ததால், படம் பார்த்த தாய்மார் அவரை வாயாரச் சபித்தார்கள். நேரில் அவரோ மது, மாமிசம் தொடாதவர். ஆண்டுதோறும் சபரிமலைக்கு விரதமிருந்து போன பக்தர். அவரைச் சபித்தவர்களுக்கு வேடம் கலையும் இடத்தைப் பார்க்க வாய்ப்பில்லாமற் போயிற்று.

வேடமும் வெளிவேடமும்

இங்கே நாம் சிந்திக்க ஒரு சொல் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் கடிந்துகொள்ளும் இடத்தில், மூலமொழியாகிய கிரேக்கத்தில் வரும் சொல் நாடக நடிகரைக் குறித்த சொல்லே. நாம் இன்று வாசிக்கும் திருவிவிலியத் தமிழில் அது 'வெளிவேடக்காரர்' என்று நிற்கிறது. தமிழிலும் வேடம் என்ற சொல்லைக் கொண்டே அப்பொருளைச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் நடிகர் எல்லாரும் பொய்யர் என்று ஆகிவிடுமா? ஆகாது. கூத்தில் வேடம் கட்டுகிறவர், 'இது வேடம்' என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கட்டுகிறார். தப்பு முழங்குகிறது, பந்தம் எரிகிறது, 'வந்தேன்' என்று தம் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே களத்தில் இறங்குகிறார். ஆட்டம் முடிந்ததும் எல்லார் அறியவும் அதைக் களைந்துவிடுகிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வெளிவேடக்காரனோ வேடம் கட்டியிருப்பதை மறைக்கிறான். தன் முகமே அதுதான் என்கிறான். கோயிலிலும் கடையிலும் வீட்டிலும் அதைக் கழற்ற மறுக்கிறான். முன்னவர் செய்வது தொழில், கலை. பின்னவன் செய்வதோ பாவம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேடத்தில் இல்லை. அது களையப்படுகிறதா என்பதில் இருக்கிறது.

பிள்ளையை வேடம் கலையும் இடத்துக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். நேர்மையான வேடம் எப்படியிருக்கும் என்று கண்ணால் கண்ட பிள்ளை, நேர்மையற்ற வேடத்தை நாளைக்கு எளிதில் இனங்காணும். தேர்தல் காலத்தில் மட்டும் லயத்துக்கு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறவரைக் கண்டால், 'இவர் இந்த வேடத்தை எங்கே போய்க் கழற்றுவார்?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளையாக அது வளரும்.

கைதட்டிய கையும் தேநீர்க் கோப்பையும்

இரண்டாவது காரணம் நம்மைப் பற்றியது. மேடையில் இருப்பவரைக் கொண்டாடுவதும், கீழே இறங்கியவுடன் 'கூத்தாடி' என்று இகழ்வதும் தமிழரிடையே பழைய வழக்கம். இது நமக்கு மட்டும் உரிய குறையுமல்ல. பிரான்ஸ் நாட்டின் பெரும் நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் 1673இல், மேடையில் நோயாளியாக நடித்த அதே இரவில் காலமானார். நடிப்புத் தொழிலைத் துறப்பதாக அறிக்கையிடாமல் இறந்தாரென்று, அக்காலத் திருச்சபை அதிகாரிகள் அவருக்கு முறையான அடக்கத்தை மறுத்தார்கள். மனைவி அரசரிடம் மன்றாடிய பிறகே, இரவில், சடங்குச் சிறப்பின்றி அடக்கம் செய்ய இடங்கொடுத்தார்கள். அதே திருச்சபையில் 1978இல் பாப்பரசரானவர், 1941 முதல் நாஜிகளின் ஆட்சிக்குட்பட்ட கிராக்கோவ் நகரில், வீட்டறைகளில் இரகசியமாக நடந்த நாடகங்களில் நடித்தவர். அவரே 1995இல் நம் நாட்டுக்கு வந்த இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். 1999இல் கலைஞர்களுக்கென்றே அவர் ஒரு மடல் வரைந்தார். மனிதர் திருந்தக் காலம் எடுக்கிறது; ஆனாலும் திருந்துகிறார்கள்.

நம் தோட்டங்களில் திருந்தவேண்டியது ஒன்று இன்னும் மிச்சமுண்டு. தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. மரண ஊர்வலத்துக்கு முன்னே போவதும் தப்பு. ஆனால் அதை அடிக்கிறவரைச் சாதியின் பேரால் ஒதுக்கி, அவருக்குத் தேநீர் கொடுக்க வேறொரு கோப்பையை வைத்திருந்த வீடுகள் இருந்தன. அந்த மனப்பான்மை இன்று முற்றாக ஒழிந்துவிட்டதென்று நெஞ்சில் கைவைத்து நம்மால் சொல்ல முடியுமா? இரவு முழுவதும் அவருடைய கையோசைக்குத் தலையாட்டிவிட்டு, விடிந்ததும் அவரை வாசற்படியோடு நிறுத்துகிறவர், அன்றிரவு வேடம் கட்டியவர் எவரையும்விடப் பெரிய வேடக்காரர். அதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்த மனிதர் மீது பிறர் மாட்டிய வேடங்கள் ஏராளம். செக்றோலில் அவர் ஓர் எண். பழைய கடிதங்களில் அவர் 'கூலி'. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின்பின் அவர் 'நாடற்றவர்'. இவற்றில் எதையும் அவராகக் கட்டவில்லை. அவராகக் கழற்றவும் முடியவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போனவர்களோடு பாட்டும் ஆட்டமும் அறிந்த எத்தனையோ பேர் போனார்கள். இத்தனைக்கும் பிறகு, வருஷத்தில் ஓர் இரவு, தாமாக விரும்பிக் கட்டி, தாமாகவே களையும் வேடம் அந்த மனிதருக்குக் கிடைக்கிறது. அதைக் கழற்றியபின் அவரைப் பார்த்து, "நல்லா ஆடினீங்க மாமா" என்று ஒரு பிள்ளை சொல்வது சிறிய காரியமன்று. வேடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மனிதராக அவரை அப்பிள்ளை கண்டுகொண்டது என்பதே அதன் பொருள்.

ஒரு எச்சரிக்கை

நடிகரைத் தேடிப் போவது அவரைத் தெய்வமாக்குவதில் போய் முடியக்கூடாது. நம் மலைநாட்டில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். மீது நமக்குப் பாசம் உண்டு. எனினும் 1987 டிசம்பர் 24ஆந் திகதி அவர் மறைந்தபோது தமிழ்நாட்டில் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை நினைக்க நெஞ்சு வேதனைப்படுகிறது. திரையில் மட்டுமே கண்ட முகத்துக்குத் துடைப்பதும் இல்லை, களைப்பும் இல்லை. பக்கத்து லயத்து மாமாவுக்கு இரண்டும் உண்டு. கால் வீங்கி, குரல் கம்மி, ஒரு வாய் தண்ணீருக்குக் கை நீட்டும் மனிதரைக் கண்ட பிள்ளை அவரை மதிக்கும், நேசிக்கும். ஆனால் கும்பிட்டு விழாது. அதுவே நமக்கு வேண்டும்.

நம் முன்னோர் ஆண்டவரின் பாத்திரத்தை மனிதருக்குக் கொடுக்கவே தயங்கினார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பேசாலையின் உடக்குப் பாஸிலும், நீர்கொழும்புக்கருகே தூவையில் முற்காலத்தில் நடந்த பாடுகளின் காட்சியிலும் உருவங்களே அந்த இடத்தில் நின்றன. இன்று மனிதரே நடிக்கிறார்கள். 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதனைப் பெருங்கலையாகவே வளர்த்தது. முன்னோரின் தயக்கத்தில் ஒரு ஞானம் உண்டு. வேடத்தை வைத்து மனிதனை உயர்த்திவிடாதே என்பது அது. வேடத்தை வைத்து மனிதனைத் தாழ்த்திவிடாதே என்பதையும் நாம் அதனோடு சேர்த்துக்கொள்வோம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

தவக்காலமும் மாசி மாதமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. தோட்டத்தின் ஒரு பக்கத்தில் காமன் கூத்துக்குத் தப்புக் காய்ச்சும்போது, மறுபக்கத்தில் கோயிற் பிள்ளைகள் பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை பார்ப்பார்கள். இவ்வருஷம் உங்கள் பிள்ளை கேட்டால், அல்லது கேட்காவிட்டாலும்கூட, அதைக் கூட்டிப் போங்கள்.

போகும்போது சிலவற்றை மனதில் வையுங்கள். ஆடியவர் மூச்சுவாங்க ஐந்து நிமிஷம் விடுங்கள். பிள்ளை பயந்தால் வற்புறுத்தி இழுக்காதீர்கள். தூரத்தில் நின்று பார்க்கட்டும். "இன்னொரு தரம் அழுது காட்டுங்க" என்று கேட்க விடாதீர்கள். அந்த அழுகைக்கு அவர் எங்கிருந்தோ விலை கொடுத்திருக்கிறார். பாராட்டை நாயகனோடு நிறுத்திவிடாமல், யூதாஸாகவோ எமனாகவோ நின்றவரிடமும் போங்கள். ஊரார் ஏச்சைத் தாங்கிக்கொண்டு, கதை நடக்கவேண்டும் என்பதற்காகக் கொடியவனாக நின்றவர் அவர். பிறகு தப்படித்தவரிடமும், பந்தம் பிடித்தவரிடமும், வேடம் கட்டிவிட்டவரிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு போத்தல் தேநீர் கொண்டுபோங்கள். வீட்டில் எல்லாரும் குடிக்கும் கோப்பையிலேயே எல்லாருக்கும் ஊற்றுங்கள். பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

திரும்பி வரும் வழியில் பிள்ளை உங்களை ஒரு கேள்வி கேட்கக்கூடும். "அப்பா, நீங்களும் வேஷம் போடுவீங்களா?" என்று. அவசரப்பட்டுச் சிரித்து மழுப்பிவிடாதீர்கள். நாம் ஒவ்வொருவரும் துரையின் முன்னால் ஒன்றும், கடன் கொடுத்தவர் முன்னால் ஒன்றும், கோயில் வாசலில் ஒன்றுமாகக் கட்டிக்கொள்வதுண்டு. அவற்றில் எதை நாம் களைகிறோம், எது தோலோடு ஒட்டிப்போயிற்று என்று பிள்ளையின் முன்னால் உள்ளபடி சொல்லத் துணிந்தால், அந்த இரவின் கூத்து நமக்கும் பயன்பட்டதாகும்.